கட்டடம் யாருக்காக?



போன மாதம் வகுப்பில் தமிழ் டீச்சர், "பெரியவங்களாகி என்ன ஆகப் போறீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். டாக்டர், டீச்சர், போலீஸ் என்று வரிசையாகச் சொன்னார்கள். நான் "கட்டடக் கலைஞர்" என்றேன். வகுப்பே சிரித்தது. "உங்க அம்மா மாதிரி கல்லு தூக்கப் போறியா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். என் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறார். எனக்கு அதில் வெட்கம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நூலகத்தில் தேடிப் படித்து, அம்மாவிடமும் கேட்டு, இப்போது எழுதுகிறேன். இதுதான் என் பதில்.

1. கட்டடக் கலைஞர் என்பவர் யார்?

ஒரு வீடு கட்டப் பல பேர் வேண்டும். கொத்தனார் சுவர் எழுப்புவார். சித்தாள் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுப்பார். இன்ஜினீயர் எவ்வளவு கம்பி, எவ்வளவு சிமென்ட், பாரம் தாங்குமா என்று கணக்குப் பார்ப்பார். கட்டடக் கலைஞரை ஆர்க்கிடெக்ட் என்கிறோம். அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதில் யார் இருக்கப் போகிறார்கள்?" என்பதுதான். வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், காற்று எந்தப் பக்கம் வரும், பாட்டி எங்கே உட்காருவார், பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்று யோசித்து அதற்கேற்ப வரைவார். ஆகவே படம் வரைவதும் வேண்டும், கணக்கும் வேண்டும், மனிதர்களைக் கவனிப்பதும் வேண்டும்.

2. ஸ்ரீரங்கத்தில் நான் பார்த்த பாடம்

கோடை விடுமுறையில் அம்மாவுக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு வேலை. நானும் கூடப் போனேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, வேறு பஸ் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு அது. கோயில் 156 ஏக்கர் என்றும், 7 பிரகாரங்கள், 21 கோபுரங்கள் என்றும் நாம் படித்திருக்கிறோம். ராஜகோபுரம் 236 அடி உயரம். விஜயநகர காலத்தில் தொடங்கிப் பாதியில் நின்றுபோன அந்தக் கோபுரம் 1987-இல்தான் முடிந்து குடமுழுக்கு நடந்தது. பழைய முறையைக் காப்பாற்றிக் கோயிலைப் புதுப்பித்ததற்காக 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது.

எல்லோரும் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். ஆனால் மத்தியானம் கால் சுட்டபோது எனக்குப் பிடித்தது வேறு. உத்திர வீதியில் ஒரு பழைய வீட்டுத் திண்ணை. ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே நிழல். சிமென்ட் தரை ஜில்லென்று இருந்தது. பூ விற்கிற பாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். "வா பாப்பா, இப்படி உக்காரு" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். அது அவர் வீடும் இல்லை, என் வீடும் இல்லை. வீட்டைக் கட்டியவர் தன் சொந்த இடத்தில் இரண்டு மூன்று அடியைத் தெருவில் போகிறவருக்காக விட்டிருக்கிறார். இப்போது பல வீடுகளில் திண்ணையை இடித்துவிட்டு இரும்பு கேட் போட்டுவிட்டார்கள். கோபுரம் கட்டியது பெரிய கலைதான். ஆனால் முகம் தெரியாத ஆளை நினைத்துத் திண்ணை கட்டியதும் கலைதான் என்று எனக்குத் தோன்றியது.

3. செங்கல்லை மிச்சம் பிடித்தவர்: லாரி பேக்கர்

லாரி பேக்கர் 1917-இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். அங்கேயே கட்டடக் கலை படித்தார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சீனாவில் மருத்துவ சேவை செய்தார். ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் அந்த வீட்டைச் சுற்றி ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்பது காந்தியின் எண்ணம். அது பேக்கரின் மனதில் பதிந்துவிட்டது. 1945-இல் இந்தியாவுக்கே வந்துவிட்டார். முதலில் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைக் கட்டடங்களில் வேலை செய்தார். பிறகு திருவனந்தபுரத்தில் தங்கி ஏழை எளியவர்களுக்கு ஏராளமான வீடுகள் கட்டினார். 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007-இல் தம் 90-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் செய்த மூன்று காரியங்களை மட்டும் சொல்கிறேன்.

(அ) எலிப்பொறிக் கட்டு: செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவது. சுவருக்கு நடுவில் காலியிடம் வரும். பார்த்தால் எலிப்பொறிப் பெட்டி மாதிரி இருப்பதால் இந்தப் பெயர். 9 அங்குலச் சுவரில் நூற்றுக்கு சுமார் 25 செங்கல் மிச்சம். உள்ளே காற்று நிற்பதால் வெயில் சூடும் சீக்கிரம் உள்ளே வராது.

(ஆ) ஓடு வைத்த தளம்: கான்கிரீட் தளத்தில் அடிப்பக்கத்து இழுவிசையைக் கம்பிதான் தாங்குகிறது. அங்கே கம்பிகளுக்கு நடுவில் உள்ள கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டால் சிமென்ட் மிச்சம், பாரமும் குறைவு.

(இ) செங்கல் ஜாலி: ஜன்னலுக்குப் பதில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்குவது. காற்றும் வெளிச்சமும் வரும். வெயில் விழும்போது தரையில் கோலம் போட்ட மாதிரி இருக்கும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். ஒரு செங்கல் சுமார் 3 கிலோ. 1000 செங்கல் வேண்டிய சுவரில் 250 மிச்சம் என்றால், 250 × 3 = 750 கிலோ. அம்மா சும்மாடு வைத்து ஒரு நடைக்கு 10 கல் தூக்குவார். ஆக 25 நடை குறையும். நான் சந்தோஷமாகச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நடை குறைஞ்சா கூலியும் குறையுமேடி?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தேன். பேக்கர் இதையும் யோசித்திருக்கிறார். சிமென்டுக்கும் கம்பிக்கும் போகிற பணம் எங்கோ இருக்கிற ஆலைக்குப் போய்விடும். அதைக் குறைத்து, கையால் செய்யும் வேலைக்குக் கொடுத்தால் அந்த ஊர் ஆள்களுக்குக் கூலியாகக் கிடைக்கும் என்பது அவர் கொள்கை. எலிப்பொறிக் கட்டும் ஜாலியும் நிதானமாகச் செய்ய வேண்டிய கைவேலை. அம்மா, "அப்படின்னா சரி. ஆனா அந்தக் கைவேலையை எங்களுக்கும் கத்துக் கொடுக்கணும்ல?" என்றார். அம்மா 16 வருடமாகச் சித்தாள். கரண்டியைப் பிடித்துச் சுவர் வைக்க இன்னும் யாரும் விட்டதில்லை. கேரளாவில் பெண்கள் கொத்து வேலை பழகி வீடும் கழிப்பறையும் கட்டியிருக்கிறார்கள். அதையும் படித்துக் காட்டினேன்.

4. மாணவியாக இருந்தபோதே பள்ளி வரைந்தவர்

அன்னா ஹெரிங்கர் ஜெர்மனிக்காரர். 1977-இல் பிறந்தவர். பள்ளி முடித்த வயதில் வங்கதேசத்தில் ருத்ராபூர் என்ற கிராமத்துக்குத் தொண்டு செய்யப் போனார். பிறகு ஆஸ்திரியாவில் கட்டடக் கலை படித்தபோது, 2004-இல் கடைசி ஆண்டுத் திட்டமாக அதே கிராமத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் வரைந்தார். எல்லோரும் மதிப்பெண்ணுக்கு வரைவார்கள். இவர் வரைந்ததை 2005-இல் அங்கேயே கட்டிவிட்டார்கள். கீழ்த்தளம் வைக்கோல் கலந்த களிமண் சுவர். மாடுகளை விட்டு மண்ணை மிதிக்க வைத்தார்கள். மேல்தளம் மூங்கில். வகுப்பறைக்குப் பின்னால் பிள்ளைகள் புகுந்து உட்கார மண்ணால் குகைகள். சேலைத் துணிகளால் நிறம் கொடுத்தார்கள். வேலை செய்தவர்கள் உள்ளூர் மக்கள். 2007-இல் இதற்கு ஆகா கான் விருது கிடைத்தது.

பிறகு அதே ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்காக ஆனந்தாலயம் என்ற இரண்டு மாடிக் கட்டடம் வரைந்தார். 2020-இல் அதற்கு ஓபல் விருது கிடைத்தது. அதன் படத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது சாய்தளம்தான். வளைந்து வளைந்து மாடிக்கு ஏறும். நாம் சாய்தளத்தை மூலையில் ஒளித்து வைப்போம். அவர் கட்டடத்துக்கு அதையே அழகாக்கிவிட்டார்.

5. நம் பள்ளிச் சாய்தளம்

இப்போது நம் கதைக்கு வருகிறேன். நம் வகுப்புக்கு முன்னால் மூன்று படி. ஒவ்வொன்றும் 6 அங்குலம், மொத்தம் 18 அங்குலம். பக்கத்தில் ஒரு சாய்தளம் இருக்கிறது. "சாய்தளம்தான் இருக்கே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஸ்கேலும் கயிறும் எடுத்துப் போய் அளந்தேன். நீளம் 5 அடிதான்.

சாய்தளத்துக்கு ஒரு விதி இருக்கிறது. 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் வேண்டும். 18 அங்குலத்துக்கு 216 அங்குலம், அதாவது 18 அடி. நம்முடையது 5 அடி. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சக்கர நாற்காலியில் வரும் நம் தோழியை இரண்டு பேர் தள்ளித்தான் ஏற்றுகிறோம். அவளிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை, நானும்தான். இந்தக் கட்டுரைக்காகக் கேட்டேன். "ஏறும்போது பரவால்லடி. இறங்கும்போது கண்ணை மூடிக்குவேன்" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். ஒரு நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் ஏறி இறங்கத் தள்ளச் சொல்ல அவளுக்குக் கூச்சம். அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாளாம். ஆறு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரியே வரைய உட்கார்ந்தேன். 18 அடி நேராகப் போனால் வேப்பமரம் இடிக்கிறது. மரத்தை வெட்டக் கூடாது. அதனால் மடித்தேன். 9 அடி ஏறி, 5 அடியில் திரும்ப ஒரு சமமேடை, மறுபடி 9 அடி. முதல் பாதியில் 9 அங்குலம், அடுத்த பாதியில் 9 அங்குலம், சரியாக 18 வந்துவிட்டது. பித்தாகரஸ் தேற்றப்படி சாய்ந்த பரப்பின் நீளத்தையும் பார்த்தேன். 216-இன் வர்க்கமும் 18-இன் வர்க்கமும் கூட்டினால் 46,980. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 216.75. முக்கால் அங்குலம்தான் கூடுதல். கணக்கு டீச்சர் சரிபார்த்து டிக் போட்டார்.

உயரத்தை அம்மா டியூப் மட்டம் வைத்துப் பார்த்துக் கொடுத்தார். "தரையை வழவழன்னு பூசக் கூடாது. மழையில வழுக்கும். பிரஷ்ஷால கோடு இழுத்து விடணும்" என்றும் சொன்னார். அது எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது.

வரைபடத்தைத் தோழியிடம் காட்டினேன். நான் ஒரு பக்கம்தான் கைப்பிடி வரைந்திருந்தேன். அவள் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடப்பாள், ஆனால் இடது கையில்தான் பலம். "ஏறும்போது இடது பக்கம் இருக்கிற கம்பி, இறங்கும்போது வலது பக்கம் வந்துடுமே?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டேன். அவள்தான் இந்த வரைபடத்தின் இன்னொரு கட்டடக் கலைஞர்.

இது யாரும் தரும் சலுகை இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலேயே பள்ளிக்குத் தடையில்லாமல் வரும் வழி வேண்டும் என்று இருக்கிறது. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வந்தது. சாய்தளத்தைக் கட்டியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏறப் போகிறவளைக் கேட்காமல் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

6. தெரிந்துகொள்வோம்

கட்டடக் கலைப் படிப்பின் பெயர் பி.ஆர்க். 5 வருடம். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். நாட்டா என்ற நுழைவுத் தேர்வு உண்டு. வரையும் திறனையும் அதில் பார்ப்பார்கள். நம் திருச்சியில் துவாக்குடியில் உள்ள என்.ஐ.டி.யிலேயே இந்தப் படிப்பு இருக்கிறது. அதற்கு ஜே.இ.இ. இரண்டாம் தாள் எழுத வேண்டும். கோலம் போடத் தெரிந்தவர்கள், மணலில் வீடு கட்டியவர்கள் எல்லோரும் முயற்சி செய்யலாம்.

முடிவுரை

அன்று சிரித்த தோழிக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம், கல் தூக்குகிறவர்களையும் நினைத்துத்தான் வரையப் போகிறேன்.

வரைபடத்தைத் தலைமை ஆசிரியை அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நகல் ஒன்றை இந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். தப்பு இருந்தால் பென்சிலால் குறித்து வையுங்கள். அதுவரை இப்போதுள்ள சாய்தளத்தில் தயவுசெய்து சைக்கிள் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. இந்த முறை சுவர் இதழ் ஏன் இவ்வளவு கீழே ஒட்டியிருக்கிறது என்று சிலர் கேட்டீர்கள். நான்தான் கேட்டு ஒட்ட வைத்தேன். உட்கார்ந்து படிக்கிறவளுக்கும் எட்ட வேண்டும். நாம் கொஞ்சம் குனிந்து படிப்போம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி