மாம்பழம் மணக்கும் புகை

ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை. குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நின்றோம். வாப்பா நெடுந்தீவுக் கடைகளுக்குச் சாமான் அனுப்புபவர். அன்று என்னையும் தம்பியையும் பட்டாவில் ஏற்றிக்கொண்டு பண்ணைப் பாலம், மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு வழியாக வந்திருந்தார். வெங்காய மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு நானும் வாப்பாவும் தேநீர்க் கடையில் தேநீர் வாங்கினோம். தம்பி வேண்டாம் என்றான்.

நயினாதீவுக்குப் போக வந்த இளைஞர் சிலர் எங்களுக்கு அருகே நின்றார்கள். அவர்களில் ஒருவர் பேனையளவு பொருள் ஒன்றை வாயில் வைத்து இழுத்து, வெண்மேகம் போல ஊதினார். வரிசையில் நின்ற சின்னப் பிள்ளை ஒன்று தாயின் சேலையை இழுத்து, "அம்மா, மாம்பழம் மணக்குது" என்றது.

கடைக்கார ஐயா சிரிக்கவில்லை. "எங்கட காலத்திலை சுருட்டுப் பத்தினால் பத்து வீடு தள்ளி மணக்கும், பிள்ளை. அப்பர் படலையைத் திறக்க முதலே மணம் காட்டிக் குடுத்துப் போடும். உது பழம் மாதிரியெல்லோ மணக்குது! எந்தத் தாய் தேப்பன் கண்டுபிடிக்கிறது?" என்றார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் முகம் இறுகியிருந்தது. ஏன் என்று எங்கள் வீட்டாருக்கு மட்டுமே தெரியும். இப்போது அவனுடைய சம்மதத்தோடு உங்களுக்கும் சொல்கிறேன்.

நோன்பு மாதத்தில் ஒரு நாள்

தம்பிக்குப் பதினைந்து வயது. சென்ற நோன்பு மாதத்தில் லுஹருக்குப் பிறகு அவனோடு கதைக்கவே முடியாது. தலையிடி என்பான், சின்ன விடயத்துக்கும் சீறுவான். பசிதான் காரணம் என்று நினைத்தோம். ஒரு நாள் கவராயம் தேடி அவனுடைய புத்தகப் பையைத் திறந்தேன். உள்ளே நீல நிறத்தில் ஒரு குழாய். முதலில் நிறப் பேனை என்றே எண்ணினேன். முகர்ந்தபோது மாம்பழம் மணத்தது.

"ராத்தா, இது வெறும் ஆவி. சிகரெட் இல்ல. உம்மாட்ட சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினான். நானும் நான்கு நாட்கள் சொல்லாமல் இருந்தேன். அது நான் செய்த பிழை. ஐந்தாம் நாள் அவனே என்னிடம் வந்து அழுதான். "ஒரு நோன்பையும் முழுசாப் பிடிக்கல்ல ராத்தா. விடோணும் எண்டு நினைச்சாலும் ஏலாம இருக்கு."

வெறும் ஆவி என்றால் ஏன் விட முடியவில்லை? உயர்தர உயிரியல் படிக்கும் எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது. பாடநூலிலும் எங்கள் ஆசிரியையிடமும் தேடிப் பெற்ற விடையே இக்கட்டுரை.

அது ஆவி அல்ல

'வேப்' என்று பிள்ளைகள் அழைக்கும் இலத்திரனியல் சிகரெட்டில் ஒரு பற்றரி, சூடாகும் ஒரு கம்பிச் சுருள், ஒரு திரவம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. திரவத்தில் பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனைப் பொருள்கள், நிக்கொட்டின் ஆகியன அடங்கும். இழுக்கும்போது கம்பி சூடாகித் திரவத்தை மிக நுண்ணிய துளிகளாக்குகிறது. கேத்தலில் இருந்து வரும் நீராவிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இத்துளிகள் சுவாசப்பையின் ஆழம் வரை செல்கின்றன.

திரவம் அதிகம் சூடாகும்போது போமல்டிகைட்டு, அக்ரோலின் போன்ற புதிய பொருள்கள் உண்டாகின்றன. ஆய்வுகூடத்தில் தவளையைக் கெடாமல் வைத்திருக்கும் போமலின், போமல்டிகைட்டு நீரில் கரைந்த கரைசலே. அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதும் நாம் அறிந்ததே. கம்பிச் சுருளில் இருந்து நிக்கல், ஈயம் போன்ற உலோகத் துணிக்கைகளும் கலந்துவிடுகின்றன.

இலையில் இருந்த அதே நஞ்சு

புகையிலை நமது மண்ணுக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியானது. புகையிலையை ஊறவைத்த நீரைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் தெளித்தால் பூச்சி சாகும் என்பது தோட்டக்காரருக்குத் தெரிந்த பழைய வைத்தியம். ஈர இலையைக் கையால் முறிப்பவர்களுக்குத் தோலின் ஊடாகவே நஞ்சு ஏறித் தலைச்சுற்றும் வாந்தியும் வருவதுண்டு. இரண்டுக்கும் காரணம் நிக்கொட்டின். தன்னைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுவதற்காகச் செடி வேரிலே தயாரித்து இலைக்கு அனுப்பும் பொருள் அது. அதே நிக்கொட்டின்தான் மாம்பழ வாசனையோடு தம்பியின் பையில் இருந்தது.

நம் நரம்புக்கலங்களில் அசற்றைல்கோலினுக்கென்று வாங்கிகள் உள்ளன. நிக்கொட்டின் அந்த வாங்கிகளில் பொருந்தக்கூடிய வடிவம் கொண்டது. சுவாசப்பை வழியாகக் குருதியில் கலந்து, சில விநாடிகளில் மூளையை அடைந்து, டோப்பமைனைச் சுரக்கச் செய்கிறது. அதனால் ஒரு சிறிய இன்பம் கிடைக்கிறது. மீண்டும் மீண்டும் இப்படி நடக்கும்போது மூளை அந்த வாங்கிகளைப் பெருக்கிக்கொள்கிறது. பிறகு நிக்கொட்டின் கிடைக்காத நேரத்தில் எரிச்சல், தலையிடி, கவனக்குறைவு, தூக்கமின்மை எல்லாம் வருகின்றன. தம்பியின் 'நோன்புக் கோபம்' உண்மையில் இதுதான்.

மனித மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்கிறது. திட்டமிடல், ஆசையை அடக்குதல் ஆகியவற்றுக்கான நெற்றிப் பகுதியே கடைசியாக முதிர்ச்சியடைகிறது. எனவே வளரும் மூளையை நிக்கொட்டின் வளர்ந்தவரின் மூளையை விட எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிள்ளைக்கு மனவுறுதி இல்லை என்று திட்டும்போது இதை நாம் மறந்துவிடுகிறோம்.

இருமல் வராத தந்திரம்

முதல் சிகரெட் இழுத்தவருக்கு இருமல் வரும், தொண்டை எரியும். அந்த எரிச்சல் உடல் தரும் எச்சரிக்கை. புதுவகை வேப்களில் நிக்கொட்டினோடு அமிலம் சேர்த்து 'நிக்கொட்டின் உப்பு' ஆக்குகிறார்கள். அதனால் எரிச்சல் குறைகிறது, அதிக அளவு நிக்கொட்டின் இலகுவாக உள்ளே போகிறது. அதோடு மாம்பழம், ஸ்ட்ரோபெரி, புதினா வாசனைகளும் சேர்ந்துவிடுகின்றன.

நம் நாட்டில் 2015 முதல் சிகரெட் பெட்டியின் 80 வீதத்தை எச்சரிக்கைப் படம் மூடியிருக்க வேண்டும். புண்ணான வாயையும் கெட்டுப்போன சுவாசப்பையையும் பார்த்துவிட்டே ஒருவர் பெட்டியைத் திறக்க வேண்டும். தம்பியின் நீலக் குழாயில் இருந்தது ஒரு மாம்பழப் படம் மட்டுமே.

உள்ளே என்ன என்று யாருக்குத் தெரியும்?

2019 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வேப் பயன்படுத்தியவர்கள் திடீரென மூச்சுவிட முடியாமல் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டனர், 68 பேர் இறந்தனர். பலர் இளைஞர்கள். பெரும்பாலானோர் கஞ்சாச் சாரம் கலந்த திரவங்களைப் பயன்படுத்தியிருந்தனர். அவற்றில் கலந்திருந்த விற்றமின் ஈ அசிற்றேற்று என்ற எண்ணெய்ப் பொருளே முக்கிய காரணம் எனக் கண்டறியப்பட்டது. விற்றமின் ஈ உணவில் நல்லது, ஆனால் சுவாசப்பை உணவுக்கான இடம் அல்ல.

வாங்கியவர்களுக்குத் தாம் இழுப்பது என்னவென்று தெரிந்திருக்கவில்லை. நமது பிள்ளைகளின் நிலையும் அதுவே. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். 2016 இல் வந்த ஒழுங்குவிதிகள் புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை மூன்றையும் தடை செய்தன. இந்தியா 2019 இல் இலத்திரனியல் சிகரெட்டை முழுவதும் தடை செய்தது. ஆகவே ஒளித்துக் கைமாறும் குழாய்க்குள் என்ன ஊற்றியிருக்கிறது என்று யாரும் சோதித்திருக்கமாட்டார்கள்.

"சிகரெட்டை விட நல்லதுதானே?"

தோழிகளே, இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பல வருடம் சிகரெட் பிடித்த ஒருவர் அதை முற்றாக விட்டு இதற்கு மாறினால், எரியும் புகையிலையின் தாரும் காபனோரொட்சைட்டும் அவருக்குக் குறையும் என்பது உண்மை. ஆனால் தம்பி சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அவனுக்கு இது எதில் இருந்தும் விடுதலை தரவில்லை, புதிதாக ஓர் அடிமைத்தனத்தையே தந்தது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

மணத்தை நம்ப முடியாத இந்தக் காலத்தில் வேறு அடையாளங்களைக் கவனியுங்கள். காரணமின்றிக் கூடும் தாகம், வறட்டு இருமல், குளியலறையில் நீண்ட நேரம், கரையாத பணம் கரைதல், பென்டிரைவ் அல்லது பேனை போன்ற அறியாத பொருள், எங்கிருந்து வருகிறது என்று தெரியாத இனிப்பு வாசனை.

கண்டுபிடித்தால் என்ன செய்வது? தம்பியின் விடயம் தெரிந்தபோது உம்மா அழுதார். வாப்பா கையை ஓங்கினார். பிறகு கையை இறக்கி, "எத்தனை நாளா மகன்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் தம்பி உண்மை சொன்னான். அடித்திருந்தால் இன்னும் நன்றாக ஒளிக்கப் பழகியிருப்பான். அடுத்த நாள் வாப்பா அவனை வைத்தியரிடம் கூட்டிப்போனார். முதல் சில நாட்கள்தான் மிகக் கடினம், பிறகு மெல்ல மெல்லக் குறையும் என்று வைத்தியர் விளக்கினார். தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்தை அழைத்தாலும் விட விரும்புவோருக்கு ஆலோசனை கிடைக்கும்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம் என்று சிறுவயதிலேயே படித்தோம். தவறியவனைத் தூக்கிவிடும் பொறுப்பும் அந்த அமானிதத்தில் சேர்ந்ததே என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆதலால் உங்கள் தம்பியிடமோ தோழியிடமோ இப்படியொரு குழாயைக் கண்டால், என்னைப் போல நான்கு நாட்கள் காத்திருக்க வேண்டாம்.

குறிகட்டுவானில் படகு வந்து சேர்ந்தது. படகோட்டி இளைஞர்களைப் பார்த்து, "தம்பிமார், ஏற முதல் உதை நிப்பாட்டிப் பையிலை வையுங்கோ. கீழை எண்ணெய் கிடக்கு" என்றார். தம்பி அந்தப் பக்கம் திரும்பாமல் வெங்காய மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படகை நோக்கி நடந்தான்.

திரும்பி வரும் வழியில், "அந்த மணம் வந்தா இன்னும் மனசு தேடுது ராத்தா" என்றான். அவன் விட்டு ஐந்து மாதங்களாகின்றன. தவறிய நோன்புகளைத் திங்களிலும் வியாழனிலும் கழா செய்கிறான். அன்று துறையில் தேநீர் வேண்டாம் என்றதும் அதனால்தான். வேலணை தாண்டும்போது, "இண்டையோட பதினொண்டு" என்றான்.