பழைய வண்டியும் புதிய தகடும்

மரத்தைச் செல் அரிக்கும். ஆடையைப் பூச்சி அரிக்கும். இரும்பைத் துரு தின்னும். துருத் தின்ற பழைய மோட்டார் வண்டிகளைச் சீர்செய்யுங்கால் எத்துணைத் தடிப்புள்ள தகட்டைத் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம். தமிழ் பயிலும் மாணவனுக்குப் பட்டறையில் என்ன வேலை என நண்பர் சிலர் நகைக்கலாம். அளவறிந்து செய்தல் எல்லாக் கலைக்கும் பொதுவாகலின், அந்நகைப்பு எம்மைத் தடுத்திலது.

முதற்கண் துருவின் இயல்பை அறிதல் வேண்டும். இரும்பும், நீரும், காற்றிலுள்ள உயிர்வளியும் ஒருங்கு கூடியவிடத்துத் துரு பிறக்கும். உப்புக் கலந்த ஈரம் அதனை மேலும் விரைவுபடுத்தும். கடற்கரை ஊர்களில் வண்டிகள் கடிதில் கெடுதற்குக் காரணம் இதுவே. துருவானது தான் தோன்றிய இரும்பினும் மிக்க இடங்கொள்ளும். ஆகலின் வண்ணப்பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். வெளியே கொப்புளம் காசளவாயினும் உள்ளே கேடு கையகலம் பரந்திருத்தல் உண்டு. எனவே, பளபளக்கும் நல்லிரும்பு தோன்றும் வரையில் கெட்ட பகுதியை வெட்டி நீக்கிய பின்னரே புதுத் தகட்டைப்பற்றி எண்ணுதல் தகும்.

தகட்டின் தடிப்பை நம் நாட்டுப் பட்டறைகளில் ‘கேஜ்’ என்னும் எண்ணாற் கூறுவர். எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதைப் புதியோர் மறவாதிருத்தல் வேண்டும். 1884-இல் இங்கிலாந்தில் சட்டமாக்கப்பெற்ற அளவின்படி, 22 கேஜ் ஏறத்தாழ 0.71 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.91, 18 கேஜ் 1.22, 16 கேஜ் 1.63. அமெரிக்கர் எஃகுத் தகட்டுக்கு வழங்கும் அளவிலோ 16 கேஜ் 1.52 மில்லிமீட்டரேயாம். ஆதலின் கடையில் மில்லிமீட்டர்க் கணக்கிற் கேட்டு வாங்குதலே பிழையற்ற வழி.

இனி, எவ்விடத்திற்கு எத்தகடு? பழைய வண்டிகளின் மட்கார்டு, கதவு முதலிய வெளித்தகடுகள் பெரும்பாலும் 20 கேஜை ஒட்டியனவாகவும், சுமை தாங்கும் பகுதிகள் 18, 16 கேஜ் எனத் தடித்தனவாகவும் இருக்கும். ஆயினும் ஒரே வண்டியிலும் இடத்திற்கு இடம் தடிப்பு வேறுபடும். ஆகவே துருவேறாத ஓரிடத்தில், வண்ணத்தைச் சுரண்டிவிட்டு, மைக்ரோமீட்டர் கொண்டு அளந்தறிதல் வேண்டும். பூச்சோடு அளப்பின் மிகையும், துருவேறிய ஓரத்தில் அளப்பின் குறையும் காட்டும்.

மெல்லிய தகட்டால் வரும் கேட்டைக் கணக்கே விளக்கும். தகட்டின் வளையாமை அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 0.91 இருந்தவிடத்தில் 0.71 வைப்பின், தடிப்பிற் குறைவது ஐந்தில் ஒரு பங்கினும் சிறிது மிகுதியே. வளையாமையோ பாதிக்கும் கீழாகிவிடும். மேலும், பற்றவைக்குங்கால் மெல்லிய தகடு எளிதில் உருகி ஓட்டையாம்.

அங்ஙனமாயின் தடித்ததே நன்றெனக் கொள்ளலாமோ எனின், அதுவும் பொருந்தாது. இதனை எங்கள் வீட்டுப் பழைய அம்பாசிடர் வண்டியே எமக்குக் கற்பித்தது. அதன் கதவின் கீழ்ப்படி துருப்பிடித்தபோது, பட்டறை ஒன்றில், உறுதி வேண்டுமென்று 14 கேஜ் தகட்டைத் துருவின்மீதே பொருத்தினர். அதன் தடிப்பு 2 மில்லிமீட்டர். இரண்டு மழைக்காலம் கழிவதற்குள், ஒட்டு நிலைத்திருக்க, அதன் ஓரத்தை ஒட்டிய பழந்தகடு கீறிப்போயிற்று. ஒட்டு வளையாது நிற்ப, அதிர்ச்சியெல்லாம் ஓரத்தில் வந்து திரண்டது. தடித்த தகட்டுக்கு ஏற்ற வெம்மை அயலிலுள்ள மெல்லிரும்பை வாட்டிற்று. மூடப்பட்ட துருவும் உள்ளே தன் தொழிலைச் செய்தது.

அம்பாசிடர், மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழிவந்தது. வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பெற்றது. அதற்குத் தனி அடிச்சட்டம் இல்லை. உடற்கூடே சுமையைத் தாங்கும். ஆதலின் அக்கீழ்ப்படி வெறும் அழகுக்கு அமைந்ததன்று. வண்டியின் முதுகெலும்பு போல்வது. இத்தகைய இடங்களில் ஓட்டையை அடைத்துப் பட்டி பூசி வண்ணமிடுதல் கண்ணை மயக்குமேயன்றி உயிரைக் காவாது. கெட்டதை வெட்டி, முன்னிருந்த தடிப்பிலேயே புதுத் தகட்டை வடித்து, ஓரத்தோடு ஓரம் பொருந்த, தேர்ந்த கைவினைஞரைக்கொண்டு பற்றவைத்தலே முறை. ஒரே இழுப்பாகப் பற்றவைப்பின் தகடு நெளியும். ஆகவே இடைவிட்டுப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, ஆறவிட்டு, பின்னர் இடைகளை நிரப்புதல் வேண்டும்.

துத்தநாகம் பூசிய தகடு துருவை நெடுநாள் தடுக்கும். ஆனால் துத்தநாகம் 907 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகும். இரும்பு உருகுவதோ 1,500 பாகைக்கும் மேல். அப்புகையை உட்கொண்டோர்க்குக் காய்ச்சலும் நடுக்கமும் உண்டாம். ஆதலின் பற்றவைக்கும் ஓரத்திற் பூச்சைத் தேய்த்து நீக்கி, காற்றோட்டமுள்ள இடத்தில் வேலைசெய்து, முடிவில் உள்ளும் புறமும் துருத்தடைப் பூச்சு இடுதல் வேண்டும்.

கோடித் துணியைப் பழைய ஆடையோடு இணைத்தலைப் பற்றி நம் ஆண்டவர் அருளிய உவமையை யாவரும் அறிவர். ஒட்டு வலியதாயிருத்தல் மட்டும் போதாது. ஒட்டப்படுவதன் இயல்பை அறிந்ததாயும் இருத்தல் வேண்டும். இரண்டாம் முறை எங்கள் வண்டிக்கு வந்த முதிய தொழிலாளி, சுத்தியலை எடுக்குமுன் அளவுகோலை எடுத்தார். அவர் வைத்த தகடு 18 கேஜ். அது இன்றும் நிற்கின்றது. பிறர் குறையைச் சீர்செய்யப் புகும் நாமும், முதலில் அளந்தறியக் கற்போமாக.