மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை: பைத்தான் பீட்டாவைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

2023 அக்டோபரில் பைத்தான் 3.12 வந்த வாரம், நான் பராமரித்துவந்த பில்லிங் நிரல் புதிய சர்வரில் ஓட மறுத்தது. நாங்கள் பயன்படுத்திய பழைய லைப்ரரி ஒன்று 'டிஸ்ட்யூட்டில்ஸ்' தொகுதியைத் தேடியது, 3.12-இல் அந்தத் தொகுதியே இல்லை. நீக்கப்போகிறோம் என்று 2021-இல் வந்த 3.10-லேயே எச்சரித்திருந்தார்கள். 3.12-இன் பீட்டாக்களும் மே மாதத்திலிருந்தே கிடைத்தன. நான் ஒன்றைக்கூட இறக்கிப் பார்க்கவில்லை. அன்று விடிய விடிய உட்கார்ந்து சரிசெய்தேன். அதற்குப் பிறகு வருடா வருடம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமையை இதற்கென்று ஒதுக்கிவிடுகிறேன்.

ஏன் மே? பைத்தானின் பெரிய பதிப்பு ஆண்டுக்கு ஒன்று, அக்டோபரில் வரும். 3.9 தொடங்கி இதுதான் வழக்கம். அதற்கு முந்தைய மே மாதத்தில் முதல் பீட்டா வரும். அன்றோடு புதிய வசதிகள் சேர்ப்பதை நிறுத்திவிடுவார்கள். வழக்கமாக நான்கு பீட்டாக்கள் முடிந்ததும் 'ஆர்சி' எனப்படும் இறுதிக்கு முந்தைய பதிப்புகள் குறைந்தது இரண்டு வரும். பதிப்பு எண்ணில் 'பி' என்ற எழுத்து இருந்தால் அது பீட்டா. பீட்டா நடக்கும் மூன்று மாதங்களில் நீங்கள் கொடுக்கும் புகாருக்காகப் பைத்தானே மாறிக்கொள்ள இடமிருக்கிறது. அக்டோபர் தாண்டினால் பெரும்பாலும் உங்கள் நிரல்தான் மாற வேண்டியிருக்கும்.

முதல் வேலை பீட்டாவை இறக்குவதல்ல. இப்போது பயன்படுத்தும் பதிப்பிலேயே உங்கள் டெஸ்ட்டுகள் அத்தனையையும் ஓட்டுங்கள். ஓட்டும்போது, எச்சரிக்கைகளையும் பிழையாகவே எடுத்துக்கொள்ளும்படி 'டபிள்யூ' விருப்பத்தில் 'எரர்' என்று கொடுங்கள். 'இது நீக்கப்படும்' என்ற எச்சரிக்கைகளில் பலவற்றைப் பைத்தான் வழக்கமாகத் திரையில் காட்டுவதில்லை என்பதால் இது அவசியம். 3.13-இல் சிஜிஐ, டெல்நெட்லிப் உட்பட 19 தொகுதிகள் ஒரே மூச்சில் நீக்கப்பட்டன. அவற்றுக்கான எச்சரிக்கை 3.11-லேயே இருந்தது. இப்போதே தோற்கும் டெஸ்ட்டுகள் எவை என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், பழைய கோளாறுக்கெல்லாம் பீட்டாவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

அடுத்து நிறுவுதல். கணினியோடு வந்த பைத்தானைத் தொடாதீர்கள். உபுண்டுவில் கணினியின் சொந்தக் கருவிகள் சிலவே அதை நம்பித்தான் ஓடுகின்றன. 'பைஎன்வ்', 'யூவி' என்ற கருவிகளில் ஒன்று இருந்தால் பீட்டாவைப் பழையதன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். டாக்கர் பழக்கமானவர்களுக்கு அதுவே போதும். தனி மெய்நிகர்ச் சூழல் ஒன்றை உருவாக்கி, நிரலின் நகலையும் தரவுத்தளத்தின் நகலையும் அதில் கொடுங்கள். வாடிக்கையாளரின் உண்மையான தரவு அந்தப் பக்கமே போகக் கூடாது.

இனி லைப்ரரிகள். பலரும் சலித்துப்போய் விட்டுவிடும் கட்டம் இது. நம்பை, பாண்டாஸ் போல உள்ளே சி மொழி கலந்தவற்றுக்குப் பீட்டா சமயத்தில் தயார்நிலைப் பொதி இல்லாமலிருக்கலாம். அப்போது பிப் அதை உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும். கம்பைலர் இல்லையென்றால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. அதைப் பார்த்து மிரள வேண்டாம், அது உங்கள் நிரலின் தோல்வி அல்ல. அந்த லைப்ரரியின் முன்வெளியீடு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பிப் தானாக அதை எடுக்காது, 'ப்ரீ' என்ற விருப்பத்தைக் கொடுத்துக் கேட்க வேண்டும். அதுவும் இல்லையா, அந்தப் பகுதியை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றதைச் சோதியுங்கள். பாதி சோதித்தாலும் பலன் உண்டு.

இப்போது டெஸ்ட்டுகளை ஓட்டுங்கள். புதிதாக ஏதாவது தோற்றால், அந்தப் பதிப்பின் 'புதியவை என்ன' ஆவணத்தில் நீக்கப்பட்டவை பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். அங்கே இருந்தால் தெரிந்தே செய்த மாற்றம். உங்கள் நிரலைத் திருத்துங்கள். அங்கே இல்லாத தோல்விதான் தங்கம். டெஸ்ட் எடுக்கும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். 3.13-இல் சேர்த்த புதிய நினைவகத் துப்புரவு முறை சில வேலைகளை மந்தமாக்குகிறது என்று கடைசி நேரத்தில் தெரிய, அதை நீக்கி மூன்றாவது ஆர்சி ஒன்றை வெளியிட்டார்கள். 2024 அக்டோபர் 1 அன்று வர வேண்டிய பதிப்பு 7-ஆம் தேதிதான் வந்தது. மே மாதத்திலேயே இன்னும் பலர் கடிகாரத்தைப் பார்த்திருந்தால் இது முன்பே பிடிபட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஆவணத்தில் இல்லாத அந்தத் தோல்வியைச் சுருக்குங்கள். ஆயிரம் வரி நிரலை யாரும் படிக்கப்போவதில்லை. சந்தேகப்படும் செயற்கூறை மட்டும் தனிக் கோப்பில் வையுங்கள். ஒரு வரியை நீக்கி ஓட்டுங்கள். இன்னும் தோற்கிறதா? அடுத்த வரியையும் நீக்குங்கள். தோற்பது நின்றால், கடைசியாக எடுத்த வரியைத் திரும்ப வையுங்கள். வெளி லைப்ரரிகளையும் இப்படியே கழற்றுங்கள். பத்துப் பதினைந்து வரிக்கு வந்தபின், அதே கோப்பு பழைய பதிப்பில் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். லைப்ரரியைக் கழற்றியதும் கோளாறு மறைந்தால், புகார் போக வேண்டிய இடம் அந்த லைப்ரரியின் களஞ்சியம். வெறும் பைத்தானிலேயே தோற்றால், கிட்ஹப்பில் உள்ள சிபைத்தான் களஞ்சியம். வேறு யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று தேடிவிட்டு எழுதுங்கள்.

எழுதும்போது பதிப்பு எண், இயங்குதளம், எதிர்பார்த்தது, நடந்தது, எந்தப் பதிப்புவரை சரியாக ஓடியது, அந்தச் சிறு நிரல் – இவ்வளவு போதும். பிழைச் செய்தியைப் படமாக அல்ல, எழுத்தாகவே முழுதும் ஒட்டுங்கள். அப்போதுதான் பின்னால் தேடுபவருக்குக் கிடைக்கும். அதற்கு முன் அதில் கடவுச்சொல்லோ வாடிக்கையாளர் பெயரோ இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் தயங்காதீர்கள், ஓடும் நிரல் ஒன்று இருந்தால் அதுவே பேசிவிடும்.

நீங்களே லைப்ரரி வெளியிடுபவர் என்றால் இன்னொன்று: பீட்டாவில் கட்டிய சி கலந்த பொதியைப் பொதுவில் ஏற்றாதீர்கள். பைத்தானின் உள்ளமைப்பு முதல் ஆர்சி வரை மாறலாம்.

அடுத்த பீட்டா வந்ததும் அந்தப் பத்து வரிக் கோப்பை மறுபடி ஓட்டி, சரியாகிவிட்டதா இல்லையா என்று உங்கள் புகாரின் கீழே ஒரு வரி போடுங்கள். திருத்தியவர் அந்த வரிக்காகத்தான் காத்திருப்பார்.