சாவியைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்காதீர்கள்

பக்கவாதம் வந்து வீடு திரும்பிய அப்பா, கையில் சாவியை வைத்துக்கொண்டே ‘அது... பூட்டு... இல்ல, அந்த இது’ என்று தவிப்பார். அதே சாவியால் பீரோவைச் சரியாகத் திறப்பார். பொருள் தெரியும், பெயர்தான் வராது. மூளையின் இடப்பக்க மொழிப் பகுதிகள் பாதிக்கப்பட்டால் வரும் இந்தக் கோளாறை மருத்துவர்கள் ‘அஃபேசியா’ என்பார்கள். 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா பரிசோதித்த நோயாளிக்கு ‘டான்’ என்ற ஒரே அசைதான் வாயில் வந்தது. பிறர் பேசியது பெரும்பாலும் புரிந்தது. எல்லாருக்கும் அப்படியில்லை. சிலருக்குப் புரிந்துகொள்வதிலும் சிக்கல் இருக்கும்.

செய்ய வேண்டியவை

• டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் சங்கடம். அவர் உள்ளே தேடிக்கொண்டிருக்கிறார்.

• சுற்றி வளைத்துச் சொல்ல விடுங்கள். ‘எதுக்குப்பா வேணும்? எங்க இருக்கும்?’ என்று கேட்டால், பதில் சொல்லும்போதே பெயர் வந்து விழுவதுண்டு. வராவிட்டால் முதல் எழுத்தை எடுத்துக்கொடுங்கள்: ‘சா...’. பேச்சுப் பயிற்சியாளர்களும் இவ்விரண்டையும் கையாளுகிறார்கள்.

• ‘என்ன சாப்பிடுறீங்க?’ வேண்டாம். ‘இட்லியா, தோசையா?’ என்று கேளுங்கள், முடிந்தால் காட்டியே. ‘வேண்டாம்’ என்று சொல்ல நினைத்து ‘வேணும்’ என்று சொல்பவர்களும் உண்டு. அவர் கை எதன் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

• பாடச் சொல்லுங்கள். பேச்சு வராதவருக்குப் பழைய சினிமாப் பாட்டும் கந்த சஷ்டி கவசமும் தங்குதடையின்றி வரலாம். வாய்ப்பாடும் வரும், கோபத்தில் கெட்ட வார்த்தையும் வரும்! ‘இதெல்லாம் வருதே, நடிக்கிறாரோ?’ என்று சந்தேகப்பட வேண்டாம். மனப்பாடமாகிப் போனதைச் சொல்வதும், புதிதாக ஒரு வாக்கியம் அமைப்பதும் மூளைக்கு ஒரே வேலையல்ல.

செய்யக்கூடாதவை

• ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருகிறவர்கள் செய்யும் முதல் காரியம் பரீட்சை வைப்பது. ‘மாமா, நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?’ அவருக்கு ஆளை நன்றாகத் தெரியும். பெயர் வராமல் கண் கலங்கும். அடுத்த முறை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே தூங்குவதுபோல் படுத்துக்கொள்வார். வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: ‘உங்க பேரைச் சொல்லிட்டுப் பேச ஆரம்பிங்க.’ வருத்தப்பட்டால் படட்டும்.

• கத்திப் பேசாதீர்கள்; காதில் கோளாறில்லை. குழந்தையிடம் கொஞ்சுவதுபோலவும் பேச வேண்டாம்.

• நாக்கில் வசம்பு தேய்க்காதீர்கள். கோளாறு மூளையில். பக்கவாதத்தில் விழுங்குவதும் பாதிக்கப்படலாம், வாயில் வைப்பது மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும்.

• ‘பேச வரலைன்னா எழுதிக் காட்டுங்க’ என்று பேனாவைத் திணிக்காதீர்கள். பலருக்கு எழுத்தும் சேர்ந்தே போயிருக்கும்.

• எல்லாவற்றையும் வயசு என்று தள்ளாதீர்கள். எப்போதோ ஒரு பெயர் மறப்பது எல்லாருக்கும் உள்ளதுதான். சாதாரணப் பொருள்களின் பெயர்கள் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக நழுவினால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு அஃபேசியா என்று 2022-ல் அறிவித்த குடும்பம், 2023-ல் அது ஒருவகை டிமென்ஷியா என்று தெரிவித்தது.

• திடீரென்று பேச்சுக் குழறினாலோ வார்த்தை வராமல் போனாலோ ‘காலையில பார்க்கலாம்’ என்று இருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்; ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பத்து நிமிடத்தில் பேச்சு திரும்பிவிட்டாலும் கூட்டிக்கொண்டு போங்கள்.