தாம்பாளத்தில் ஒரு துளி எண்ணெய்

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் வசிப்பவர்களுக்கு எண்ணெய் புதிய பொருள் அல்ல. உருளை உருளையாக எண்ணெய் வண்டிகளைக் கோத்துக்கொண்டு செல்லும் சரக்கு ரயில், சாலையோரம் வரிசையாக நிற்கும் டேங்கர் லாரிகள், மழை பெய்த மறுநாள் தெருக் குட்டையில் மிதக்கும் வானவில் நிறங்கள் எல்லாம் உங்களுக்குப் பழகிப்போனவை. அந்த நிறப் படலத்தைப் பார்க்கும்போது, அதன் தடிமன் எவ்வளவு இருக்கும் என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

அளவுகோலை வைத்து அளக்க முடியாது. நுண்ணோக்கியிலும் தெரியாது. ஆனால் வீட்டில் உள்ள ஒரு தாம்பாளமும் முகப்பவுடரும் ஒரு துளி விளக்கெண்ணெயும் இருந்தால், எண்ணெய்ப் படலம் எவ்வளவு மெல்லியதாகப் பரவ முடியும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். செலவு ஐந்து ரூபாய்கூட ஆகாது. கடைகளில் அறிவியல் பெட்டி என்று பளபளப்பான அட்டையில் விற்கிறார்களே, அவற்றில் பலவற்றில் விடையைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். இங்கே விடை உங்கள் தாம்பாளத்திலிருந்துதான் வர வேண்டும்.

முப்பத்தைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு வேண்டாம்; புளி போட்டுத் தேய்த்து, பலமுறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். சோப்பின் சாயல் சிறிதளவு ஒட்டியிருந்தாலும் சோதனை கெட்டுவிடும். தாம்பாளத்தில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு லிட்டர் போதும். லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் காத்திருக்கும் வீடுகளில் இரண்டு லிட்டர் சிறிய அளவல்ல என்பது தெரியும். சோதனை முடிந்ததும் அதை வாசல் செடிக்கு ஊற்றிவிடலாம். நீர் அசையாமல் நின்ற பிறகு, வாசனைப் பவுடரை மெல்லிய துணியில் முடிந்து, மேலிருந்து லேசாகத் தட்டுங்கள். நீர்ப்பரப்பில் பவுடர் மூட்டம்போல் படிந்தால் போதும். அதிகமானால் ஆடை கட்டிவிடும்.

இனி, துளி. பழைய மின்கம்பியின் உறையை உரித்தால் உள்ளே நூல் போன்ற செம்புக் கம்பிகள் இருக்கும். (எந்த மின்சாதனத்திலும் இணைக்கப்படாத, தூக்கிப் போட்ட கம்பியாக இருக்க வேண்டும்.) அவற்றில் மிக மெல்லியதாகப் பார்த்து எடுத்து, நுனியை ‘வ’ எழுத்தின் வளைவுபோல் வளைத்து, விளக்கெண்ணெயில் தோய்த்து எடுங்கள். வளைவில் ஒரு துளி தொங்கும். அது பெரிதாக இருக்கும். இன்னொரு கம்பியால் தொட்டுத் தொட்டு எண்ணெயைக் குறைத்து, துளியின் விட்டம் அரை மில்லிமீட்டர் ஆகும்படி செய்யுங்கள். அளவுகோலில் இரண்டு மில்லிமீட்டர்க் கோடுகளுக்கு நடுவே துளியைப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் பொருத்திக்கொள்ளும் வில்லை கிடைத்தால் இன்னும் நல்லது. தலைக்குத் தடவும் வாசனை எண்ணெய் எதையும் பயன்படுத்தாதீர்கள். பலவற்றில் கனிம எண்ணெய் கலந்திருக்கும். அது ஏன் கூடாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது கம்பியின் நுனியால் நீர்ப்பரப்பின் நடுவே மெதுவாகத் தொடுங்கள். பவுடர் சட்டென்று விலகி, நடுவில் தெளிவான ஒரு வட்டம் தோன்றும்! யாரோ உள்ளிருந்து தள்ளியதுபோல் இருக்கும். அந்த வட்டம் ஓரளவு விரிந்து நின்றுவிடும். அதன் விட்டத்தை மேலிருந்தபடியே அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கு எளிது. அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையின் கனஅளவு 0.065 கன மில்லிமீட்டர். 20 சென்டிமீட்டர் வட்டத்தின் பரப்பு 31,400 சதுர மில்லிமீட்டர். கனஅளவைப் பரப்பால் வகுத்தால் படலத்தின் தடிமன் வரும்: 0.000002 மில்லிமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரை ஐந்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு.

வட்டம் ஏன் விரிந்துகொண்டே போகாமல் நின்றது? தாம்பாளத்தில் இடமா இல்லை? எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்காமல் ஒற்றை அடுக்காகப் பரவிவிட்டன. அதற்குமேல் மெலிய வேண்டுமானால் மூலக்கூறையே கிள்ள வேண்டும்! ஆகவே நீங்கள் அளந்தது ஏறக்குறைய ஒரு மூலக்கூறின் உயரம். விளக்கெண்ணெய் மூலக்கூறின் ஒரு பகுதி நீரை நாடும். நீண்ட வால் பகுதி நீரை ஒதுக்கும். நீரை நாடும் பகுதி இருப்பதால்தான் அது இப்படிப் பரவுகிறது. கனிம எண்ணெயில் அந்தப் பகுதி இல்லை.

இதை நம்பாதவர் இருக்கலாம். இருக்கவும் வேண்டும். அவர் துளியின் விட்டத்தை 0.4 மில்லிமீட்டராகக் குறைத்துச் சோதிக்கட்டும். தடிமன் மாறாதது என்றால் வட்டத்தின் விட்டம் சுமார் 14.5 சென்டிமீட்டர் வர வேண்டும். முதலில் கணக்குப் போட்டு எழுதி வைத்துவிட்டு, பிறகு துளியை விடுங்கள். ஒன்றை எச்சரிக்கிறேன்: துளியை அளப்பதில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், அதாவது 0.5-ஐ 0.6 என்று கொண்டால், கனஅளவு 1.7 மடங்காகிவிடும். வட்டத்தை அளப்பதில் வரும் பிழை அவ்வளவு பெரிதல்ல. அதனால் ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்ற வேண்டும், சோம்பல் கூடாது.

இந்தச் சோதனைக்கு நீண்ட வரலாறு உண்டு. இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்கிளின், லண்டனை அடுத்த கிளாபம் என்ற இடத்தில் ஒரு குளத்தில் தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். அரை ஏக்கர் பரப்பு கண்ணாடிபோல் சலனமற்றுப் போனது. இதை அவர் 1774-இல் வெளியிட்டார். அரை ஏக்கர் என்றால் நம் கணக்கில் 50 சென்ட். கரண்டி எண்ணெயை 5 மில்லிலிட்டர் என்று கொண்டு வகுத்துப் பாருங்கள்: உங்கள் தாம்பாளத்து விடைக்குப் பக்கத்தில் வரும். பிராங்கிளின் அந்த வகுத்தலைச் செய்யாமல் விட்டுவிட்டார்!

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண் இருந்தார். 1862-இல் பிறந்தவர். அந்நாளில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. பெற்றோரைக் கவனித்துக்கொண்டு, வீட்டு வேலை செய்துவந்த அவர், நீர்ப்பரப்பில் எண்ணெயும் அழுக்கும் செய்யும் மாயத்தை ஆராயத் தொடங்கினார். ஒரு தகரத் தொட்டி, அதில் பரப்பைக் கூட்டவும் குறைக்கவும் நகர்த்தும் தகரப் பட்டை, நீர்ப்பரப்பிலிருந்து ஒரு சிறு தட்டைத் தூக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்க ஒரு தராசு. இவைதான் அவருடைய ஆய்வுக்கூடம். தம்பி பிரீட்ரிக் இயற்பியல் படித்தவர். இதழ்களும் நூல்களும் அவர் மூலம் கிடைத்தன. பல ஆண்டு உழைப்பை 1891 ஜனவரியில் ஆங்கிலேய விஞ்ஞானி ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அவர் அதை மொழிபெயர்க்கச் செய்து, ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். அது அதே ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்தது. பின்னாளில் அமெரிக்கர் லாங்மியூர் இதே வகைத் தொட்டியைச் செம்மைப்படுத்தி ஆய்வு செய்தார். பரப்பு வேதியியலுக்காக 1932-இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பொக்கெல்ஸுக்கு அதே ஆண்டு அவருடைய ஊரின் தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அப்போது அவருக்கு வயது 70.

இனித் தெருக் குட்டைக்கு வருவோம். ஒற்றை மூலக்கூறுப் படலம் கண்ணுக்குத் தெரியாது. பவுடர் விலகுவதால்தான் அதை அறிந்தோம். நிறங்கள் தோன்ற வேண்டுமானால், படலம் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடும் அளவுக்குத் தடித்திருக்க வேண்டும். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் சேரும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில அழிகின்றன. கடலில் எண்ணெய்க் கசிவை விமானத்திலிருந்து கண்காணிப்பவர்கள் இந்த நிறத்தையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். வானவில் நிறம் என்றால் தடிமன் குறைந்தது 0.3 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. அதைவிட மெல்லியது வெள்ளிப் பளபளப்பாகத் தெரியும். எண்ணெயின் சொந்தக் கருநிறமே தெரிந்தால் 200 மைக்ரானுக்கு மேல்.

இந்த வேறுபாடு நம் பகுதிக்கு மிக முக்கியம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எரிஎண்ணெய் கடலில் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலி தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தை அடைந்தது. படகு, வலை, கண்டல் மரங்களின் மூச்சு வேர் எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. இரண்டு முறையும் ஆட்கள் வாளியால் அள்ளியதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கனமான எண்ணெய் நீரோடு கலந்து பாகுபோல் இறுகிவிட்டால் குழாயில் உறிஞ்சுவது கடினம்.

இத்தகைய செய்திகளில் ‘இத்தனை சதுர கிலோமீட்டர் பரவியது’ என்று படிக்கிறோம். பரப்பை மட்டும் சொன்னால் எண்ணெய் எவ்வளவு என்று தெரியுமா? ஒரு சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தாம்பாளத்துப் படலம்போல் விளக்கெண்ணெய் பரவினால், அதற்கு இரண்டே லிட்டர் போதும். வானவில் நிறப் படலம் என்றால் குறைந்தது 300 லிட்டர். கறுப்பாகத் தெரியும் படலம் என்றால் 2 லட்சம் லிட்டருக்கு மேல். பரப்பு ஒன்றே, அளவு லட்சம் மடங்கு வேறுபடுகிறது. கால்வாயில் இறங்காமல், பாலத்தின் மேலிருந்தே நிறத்தைக் குறித்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடலாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு: கால்வாயில் 10 மீட்டர் அகலத்துக்கும் 100 மீட்டர் நீளத்துக்கும் வானவில் நிறம் தெரிகிறது. அங்கே கலந்திருக்கும் எண்ணெய் குறைந்தது எத்தனை டம்ளர்? ஒரு டம்ளர் 200 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.