தொட்டி மீனுக்கும் பத்தியம் உண்டு

'டாக்டர், வீட்டில் மீன் தொட்டி வச்சா டென்ஷன் குறையுமா?' என்று கேட்கிறவர்கள் அதிகம். குறையலாம். ஆனால் வாரம் ஒரு மீன் செத்து மிதந்தால் டென்ஷன் ஏறத்தான் செய்யும். மஞ்சளும் நீலமுமாகக் கண்ணைப் பறிக்கிற ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களை வாங்குவோர் முதலில் அவற்றின் வயிற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைகளில் நாம் பார்ப்பவற்றில் பல, கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த 'ம்புனா' வகை. பாறைகளில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று பழகியவை. அதற்கேற்ப இவற்றின் குடலும் நீளம். 'நல்லா வளரட்டும்' என்று தினமும் ரத்தப்புழுவும் மாட்டு இறைச்சியும் போட்டால் வயிறு ஊதிவிடும். இரையைத் துப்பும், மலம் வெள்ளை நூல்போல் வரும், மூலையில் ஒதுங்கும். நம் பெருவயிறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இதற்கு 'மலாவி ப்ளோட்' என்று பெயர். கெட்ட தண்ணீரும் இதற்கு ஒரு காரணம். முற்றிவிட்டால் பிழைப்பது கஷ்டம். ஸ்பைருலினா கலந்த தீனி, தோல் நீக்கி வேகவைத்த பட்டாணி போதும். ஓரிரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் போடாதீர்கள். இதே ஏரியில் மீனையே தின்னும் சிக்லிட்டும் உண்டு. இரண்டையும் ஒரே தொட்டியில் விடக்கூடாது.

இரை எடுக்காத மீனெல்லாம் நோயாளி அல்ல. தாடை உப்பியிருந்தால் அது தாய் மீன். வாய்க்குள் முட்டைகளை அடைகாக்கிறது. சுமார் 3 வாரம் பட்டினிதான்! மருந்து ஊற்றித் தொல்லை கொடுக்காதீர்கள்.

சோப்பு நுரைக்காத உப்புக் கலந்த போர் தண்ணீரைத் திட்டுகிறோம் அல்லவா? இவற்றுக்குக் கடினநீர்தான் பிடிக்கும். பி.எச். 7.8 முதல் 8.6 வரை இருக்கலாம். ஆனால் கடலோரக் கிணற்றின் கரிப்பு வேறு, அது ஆகாது. இந்த அளவு பி.எச்.-இல் மீன் கழிவின் அம்மோனியா கடும் விஷமாகும். ஆகவே வாரம் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கிவிட்டு ஊற்றவும். தொட்டி 4 அடி நீளமாவது இருக்கட்டும். சண்டைக்கார மீன், ஒளிய இடமில்லாவிட்டால் ஒன்றையொன்று கொன்றுவிடும். கற்களைத் தொட்டியின் அடித்தளத்தில் அசையாமல் வைத்து, பிறகு மணல் போடுங்கள். மணல்மேல் வைத்தால் மீன் தோண்டித் தோண்டிக் கல் சரிந்து கண்ணாடி உடையும்.

இனி உங்கள் கை. விரலில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கைவிட வேண்டாம். ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கமும் வேண்டாம். 'மைக்கோபாக்டீரியம் மரினம்' என்ற கிருமி காயம் வழியே புகுந்தால், சில வாரங்கள் கழித்து விரலில் ஒரு கட்டி வரும். மெல்ல முழங்கை நோக்கி வரிசையாகக் கட்டிகள் ஏறும். காசநோய்க் கிருமிக்கு இது உறவு. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், இதற்குப் பற்றுப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். தோல் மருத்துவரிடம் போங்கள். மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். வீட்டில் மீன் தொட்டி இருப்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.