இளவயதில் திடீர் இதய மரணம்

க.பொ.த. (சா/த) விஞ்ஞானம்
குருதிச் சுற்றோட்டம், தலைமுறையுரிமை



பசறைப் பகுதித் தோட்டமொன்றில் 17 வயது அண்ணன் ஒருவர் மரதன் ஓட்டத்தின்போது விழுந்து இறந்துவிட்டார் எனக் கொள்வோம். முதல்நாள் வரை அவருக்கு நோயேதும் இருக்கவில்லை. லயத்தில் சிலர் கண்ணூறு என்பர். தாயோ, தான் கவனிக்காமல் விட்டதாகத் தன்னையே நோவார். உண்மையில் நடந்தது என்ன?

1. வேறுபாடு அறிக

மாரடைப்பு: முடியுரு நாடி அடைபடுவதால் இதயத் தசைக்கு ஒட்சிசன் கிடைக்காமை. வயது கூடியோரில் அதிகம்.

திடீர் இதய நிறுத்தம்: மின் கணத்தாக்கம் குழம்புவதால் இதயவறைகள் ஒழுங்காகச் சுருங்காது நடுங்கும். மூளைக்குக் குருதி செல்லாது. சில வினாடிகளில் நினைவு தப்பும். உதவி கிடைக்காவிடின் சில நிமிடங்களில் மரணம் நேரும்.

2. இளையோரில் பிரதான காரணங்கள்

(அ) இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்தல்
(ஆ) மின் கடத்தலில் பிறவிக் குறைபாடு
(இ) முடியுரு நாடி பிறப்பிலேயே இடம்மாறி அமைதல்
(ஈ) வைரசுத் தொற்றால் இதயத் தசை அழற்சி

முதலிரண்டும் பெரும்பாலும் தலைமுறை வழி வருவன.

3. இரு நிகழ்வுகள்

2003.06.26 அன்று கமரூன் உதைபந்தாட்ட வீரர் மார்க் விவியன் ஃபோ, 28 வயதில் ஆடுகளத்தில் விழுந்து இறந்தார். பிரேத பரிசோதனையில் இதயத் தசைத் தடிப்பு தெரியவந்தது. 2021.06.12 அன்று டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் அவ்வாறே விழுந்தார். உடனே நெஞ்சு அழுத்தப்பட்டு மின்னதிர்ச்சியும் வழங்கப்பட்டது. அவர் உயிர்பிழைத்து 2022இல் மீண்டும் விளையாடினார்.

4. மாதிரி வினா

தசைத் தடிப்பு பொதுவாக ஆட்சியான பரம்பரையலகால் (H) கடத்தப்படும். தந்தை Hh, தாய் hh எனின், இறந்தவரின் தங்கைக்கு அது கடத்தப்பட்டிருக்கும் நிகழ்தகவு யாது?

விடை: Hh × hh → Hh, hh. ஆகவே நிகழ்தகவு 1/2.

குறிப்பு: அண்ணனுக்கு இருந்ததால் தங்கைக்கு இராது எனக் கருதுவது தவறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் நிகழ்தகவு 1/2 ஆகும். பரம்பரையலகு உள்ள எல்லோருக்கும் நோய்க்குறி தோன்றுவதுமில்லை.

5. குடும்பத்தார் செய்ய வேண்டியவை

• பிரேத பரிசோதனை முடிவைக் கேட்டறிந்து அறிக்கையைப் பத்திரப்படுத்தல். அது உயிரோடிருப்போரைக் காக்க உதவும்.
• பெற்றோரும் சகோதரரும் ஈ.சி.ஜி., எக்கோ பரிசோதனைகள் பற்றி வைத்தியரிடம் கேட்டல். சிலரது மின் குறைபாடு பிரேத பரிசோதனையில் தெரியாது.
• ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு ஏற்படின் விளையாட்டை நிறுத்தி வைத்தியரை நாடல்.

6. ஒருவர் விழுந்தால்

அழைத்தும் அசையாமலும் இயல்பாக மூச்சு விடாமலும் இருந்தால், 1990 அம்புலன்ஸை அழைக்கச் செய்க. நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100–120 தடவை, 5–6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துக. அம்புலன்ஸ் மலைப்பாதையில் வந்து சேரும்வரை நிறுத்தற்க.

நினைவிற் கொள்க: இம்மரணம் கண்ணூறுமன்று, தாயின் குற்றமுமன்று. காரணத்தை அறிந்தால் தங்கையைக் காக்கலாம்.